ஆழிப்பேரலையும் கிழக்குக் கரைக் கிணறுகளும்

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது மாசடைந்தன என மதிப்பிடப்படுகிறது. நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்த அம்பாறை மாவட்டத்தில், கல்முனை முதல் பொத்துவில் வரையான மணற்கரை ஊர்களின் தண்ணீர்த் தேவையைப் பெரிதும் நிறைவேற்றியவை வீட்டுக் கிணறுகளே. அவற்றின் நீர் எப்படிக் கெட்டது, எப்படி மீண்டது என்று ஆராய்ந்த ஆய்வுகள் பின்னர் ஆய்விதழ்களில் வெளியாயின.

நன்னீர்ப் படை

கரையோர மணலுக்கடியில் உள்ள நன்னீர், மழையால் ஊறித் தேங்கியது. கடல்நீர் அதைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. எனவே நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதியின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும். மட்டம் தாழத் தாழ அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய நிலங்களில் இந்தப் படை மெல்லியது.

மாசடைந்த விதம்

அலை கிணற்று வாய்களுக்குள் நேரே புகுந்தது. பள்ளங்களில் தேங்கிய கடல்நீரும் பின்னர் மணலூடாக இறங்கியது. கடல்நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினாலே நாவுக்கு உவர்ப்புத் தெரியலாம். ஆகவே நூறு வாளி நன்னீரில் ஒன்றிரண்டு வாளி கடல்நீர் கலந்தாலே கிணறு சவர்த்துவிடும். மலசலகூடக் குழிகளின் கழிவும் பல இடங்களில் கலந்தது. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை அகற்றாது.

இறைப்பு

கிணறு கெட்டால் இறைத்துத் துப்புரவாக்குவதே ஊர் வழக்கம். சேற்றையும் குப்பையையும் அகற்ற ஒரு தடவை இறைப்பது அவசியமே. ஆனால் உப்புப் போகும்வரை மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டேயிருந்தால் நீர்மட்டம் தாழ்ந்து, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உவர்நீர் இழுபடும். வெளியே கொட்டும் சவர்த்தண்ணீர் மணலூடாகத் திரும்ப ஊறவும் கூடும்.

ஆய்வுகள்

2005 பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை அமெரிக்க, இலங்கை, டென்மார்க் நிபுணர் குழு கரையோர நிலத்தடி நீரை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. மிகையான இறைப்பு நன்னீரையும் உவர்நீரையும் மேலும் கலக்கச் செய்திருக்கலாம் என அக்குழு எச்சரித்தது.

கிழக்குக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட 2.1 கிலோமீற்றர் அகல நிலப்பட்டியில் 2005 ஒக்டோபர் முதல் 2006 செப்டெம்பர் வரை நடந்த கண்காணிப்பு இதை அளவுகளாலேயே காட்டியது. இறைப்பு நடந்த பகுதியில் 15 கிணறுகளிலும், நிலம் கலைக்கப்படாத பகுதியில் நாட்டிய 20 அளவீட்டுக் குழாய்களிலும் நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. உப்பின் அளவை உணர்த்தும் மின்கடத்துதிறன், கலைக்கப்படாத பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரையான மழையோடு சென்ரிமீற்றருக்கு 3,000 மைக்ரோசீமனிலிருந்து 1,200 ஆக இறங்கியது. இறைப்பு நடந்த பகுதியில் அதே மழை பெய்தும் அளவு மேலும் குறையவில்லை. சோடியம், குளோரைட்டு, மக்னீசியம், சல்பேற்று ஆகியனவும் அங்கேயே கூடுதலாகக் காணப்பட்டன. கிணறுகளை இறைத்ததால் நிலத்தடி ஓட்டம் திசைமாறி, உவர்நீர் பரவியதே காரணம் என ஆய்வாளர் கருதினர்.

நடைமுறை

கிழக்குக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. அலை வந்ததும் மாரிக் காலத்தில்தான். அது முடிந்த பின், அடுத்த மாரி வரை நீண்ட கோடையைப் பல குடும்பங்கள் பவுசர் தண்ணீரை நம்பியே கழிக்க நேர்ந்தது. வெள்ளத்திலோ அலையிலோ கடல்நீர் புகுந்த கிணற்றை ஒருமுறை மெதுவாக இறைத்துச் சேறகற்றிக் குளோரின் இடுவது, குடிக்க வேறு நீர் ஏற்பாடு செய்வது, உப்பை மழை கழுவிச் செல்ல விடுவது என்பன இந்த ஆய்வுகளிலிருந்து பெறப்படும் நடைமுறைகள்.