நாலில் ஒரு கால்

பதனிட்டு முடிந்து, டேனரியிலிருந்து வெளியே போகக் காத்திருக்கும் தோலைத் திருப்பிச் சதைப்பக்கம் பார்த்தால் ஒரு எண் போட்டிருக்கும். 14 என்று பெரிதாக ஒன்று, அதன் வலது தோள்மேல் பொடியாக ஒரு 3. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 14³ என்று காட்டினால் பதினாலின் மும்மடி, 2744 என்று சொல்லிவிடும். தோல்காரர் அதைப் பதினாலே முக்கால் சதுர அடி என்று படிப்பார். தலையில் நிற்கும் சின்ன எண், கால்களின் எண்ணிக்கை. 1 என்றால் கால், 2 என்றால் அரை, 3 என்றால் முக்கால். 4 என்று ஒன்று வராது. நான்கு கால் சேர்ந்துவிட்டால் அது பதினைந்து ஆகிவிடும். பேரணாம்பட்டில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை இது. சதுர அடிக் கணக்கில் தோல் விற்கும் உலகச் சந்தை முழுக்க இப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள்.

இந்தக் ‘கால்’ என்ற சொல்தான் என் விஷயம்.

பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். அதைத் தாண்டினால் ஆந்திரம். கடைவீதியில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் புழங்கும். ஒரே கடையில் ஒருவர் கால் கிலோ கேட்பார், அடுத்தவர் ‘பாவ் கிலோ’ கேட்பார், எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் ‘பாவு கேஜி’ என்பார். கடைக்காரர் மூவருக்கும் அதே 250 கிராம் கல்லைத் தராசில் வைப்பார். பாவ், பாவு இரண்டுமே ‘பாதம்’ என்ற வடசொல்லின் வழியாக வந்தவை. வடமொழியில் பாதம் என்றால் காலடியும் உண்டு, நான்கில் ஒன்றும் உண்டு. தமிழில் கால் என்றால் நடக்கிற காலும் உண்டு, நான்கில் ஒன்றும் உண்டு. கன்னடத்திலும் ‘காலு’ அப்படியே. ஆக, மூன்று மொழிக்காரர்களும் ஒரே விலங்கைப் பார்த்துத்தான் அளவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: நாலு கால் உள்ளதில் ஒரு கால். ஆடும் மாடும் தோலாக வந்து இறங்குகிற ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

உருதுக்காரர்களின் எண்ணும் முறையில் இன்னொரு நயம் உண்டு. ஒன்றேகாலுக்கு ‘ஸவா’ என்பார்கள். ‘காலோடு கூடியது’ என்பது அதன் மூலம். முக்காலுக்கு ‘பௌன்’, ‘கால் குறைந்தது’ என்று பொருள். முழுதிலிருந்து ஒரு காலைக் கழிக்கிறார்கள். நாம் மூன்று காலைக் கூட்டுகிறோம். விடை ஒன்றுதான். ஆனால் 1 − ¼ = ¾ என்ற கணக்கைப் பள்ளிக்குப் போகும் முன்பே ஒரு பிள்ளை வாயில் வைத்துக்கொண்டு வருகிறது என்பது ஆசிரியருக்குச் சும்மா கிடைத்த சொத்து.

பழைய தமிழ்க் கணக்கில் காலின் குறி ‘வ’ போலிருக்கும். எட்டின் குறி ‘அ’. ஒருவரை ‘எட்டேகால் லட்சணம்’ என்று திட்டினால், எட்டும் காலும் சேர்ந்து ‘அவ’ ஆகி, அவலட்சணம் என்று முடியும். ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாடலிலிருந்து வந்த வசை அது. பின்னக் குறியை வைத்து ஒருவரைத் திட்ட முடிந்தது, கேட்டவருக்கும் அது புரிந்தது என்றால், அந்தக் குறி எவ்வளவு பேருக்குப் பழக்கமாயிருந்திருக்க வேண்டும்!

கால் தனியாக இல்லை, பெரிய குடும்பி. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. இதுவரை எல்லாம் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போவது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓடுகிறது: இருபதில் ஒன்று மா. மாவில் கால் காணி, எண்பதில் ஒன்று. காணியில் கால் முந்திரி, முந்நூற்றிருபதில் ஒன்று. இரண்டு வரிசையும் சந்திக்கிற இடம் மாகாணி. மாவும் காணியும் சேர்ந்தால், எண்பதில் நாலும் ஒன்றும் ஐந்து. ஐந்தை எண்பதால் வகுத்தால் பதினாறில் ஒன்று. அதாவது வீசம். கூட்டல் கணக்கைச் செய்து, விடையையே பெயராக வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பின்னப் பெயர்களில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது வேறில்லை.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமென்றால் ‘கீழ்’ என்ற சொல்லை முன்னால் போட்டார்கள். கீழ் முந்திரி என்றால் முந்திரியில் முந்திரி, 1,02,400-ல் ஒன்று. அதற்கும் கீழே இருப்பது இம்மி. ‘இம்மியளவும் நகரமாட்டேன்’ என்கிறவர் அதை ஒரு எண் என்று நினைத்துச் சொல்வதில்லை. ‘முக்காலே மூணு வீசம்’ மட்டும் இன்னும் கணக்கை மறக்காமல் நிற்கிறது. வேலை முக்காலே மூணு வீசம் முடிந்தது என்றால் முக்காலும் மூவீசமும், பதினாறில் பதினைந்து. ஒரு வீசம்தான் பாக்கி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் எண்சுவடியை வைத்துக்கொண்டு இவற்றின் பெருக்கல் வாய்பாட்டை ராகமாக ஒப்பித்தார்கள். அந்தப் பள்ளிகளில் நெல்லிலக்கம், பொன்னிலக்கம், எண்சுவடி என்ற மூன்றும் எப்படி நினைவின் வழியாகக் கற்பிக்கப்பட்டன என்பதை செந்தில் பாபு 2022-ல் வந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தக் குறிகளுக்கு 2019-ல் வெளியான யூனிகோட் 12 பதிப்பில் தனி இடமும் கிடைத்துவிட்டது. ‘கீழ்’ குறி உட்பட. அவற்றைத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

பள்ளிப் பாடநூலில் இந்தப் பெயர்களுக்குப் பதிலாக ‘பின்னம்’ வந்து உட்கார்ந்தது. பின்னம் என்றால் உடைந்தது. உருது வழிப் பள்ளியில் சொல்லும் ‘கஸ்ர்’ என்ற அரபுச் சொல்லும் உடைந்தது; ஐரோப்பியர் சொல்லும் லத்தீன் மூலத்தில் உடைந்ததே. மேலே தொகுதி, கீழே பகுதி, நடுவில் ஒரு கோடு. இங்கேதான் பிள்ளை தடுமாறுகிறது. கால் பெரிதா அரை பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும். ¼ பெரிதா ½ பெரிதா என்று பலகையில் எழுதினால் நாலாம் வகுப்புப் பிள்ளை ¼ என்று சொல்ல வாய்ப்பு உண்டு, நாலு இரண்டைவிடப் பெரிது என்பதால். பிள்ளைக்கு அளவு தெரியாமல் இல்லை. எழுத்தில் அளவு தெரியவில்லை. ‘கால்’ என்ற சொல் அளவைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ¼ என்ற எழுத்து இரண்டு முழு எண்களைத்தான் கண்ணுக்குக் காட்டுகிறது. முதல் சில வாரங்களுக்கு ‘ஒன்றின் கீழ் நான்கு’ என்று படிக்கவைக்காமல் கால் என்றே படிக்கவைத்தால் பாதிச் சண்டை தீரும் என்பது என் கட்சி.

பரப்பளவு வந்துவிட்டால் கால் இன்னொரு வேடம் போடும். அரையடி நீளம், அரையடி அகலம் உள்ள ஒரு தோல் துண்டு எத்தனை சதுர அடி? அரை என்று சொல்லாத பிள்ளை அபூர்வம். ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஆறுக்கு ஆறு 36. அரையில் அரை கால். தோலோ சதுரமாக வருவதில்லை. கழுத்து, வயிறு, நாலு கால் என்று கோணல் மாணலாக ஓடும். அதை அளக்கப் பின் வீல் மெஷின் என்று ஒன்று இருந்தது. வரிசையாகச் சக்கரங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னச் சின்ன ஊசிகள். தோல் கீழே போகும்போது அது தொடுகிற ஊசிகள் மட்டும் உள்ளே அமுங்கும். ஒவ்வொரு சக்கரமும் தன் கீழே போன பட்டையின் நீளத்தைச் சொல்லும். எல்லாப் பட்டைகளும் கூடி, மேலே கடிகாரம் போன்ற முகப்பில் முள் நகரும். சதுர அடி, கால் கால் பிரிவோடு. சம அகலமுள்ள பட்டைகளாக நறுக்கிக் கூட்டுவது என்பது கல்லூரியில் தொகைநுண்கணிதம் என்ற பெயரில் மறுபடி வரும். இப்போது மின்னணு மெஷின்கள் தோல் உள்ளே போன கையோடு புள்ளி வைத்த எண்ணைக் காட்டிவிடுகின்றன.

புள்ளி நம் ஊருக்குள் நுழைந்தது தோல் வழியாக இல்லை, சில்லறை வழியாக. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணா என்பது ரூபாயில் வீசம். நாலணா கால், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால். (பேரணாம்பட்டுக்குப் பேரிலேயே அணா இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; சொல்லாராய்ச்சி ஆகாது.) மாற்றுப் பட்டியலில் ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. வித்தியாசங்களைப் பாருங்கள்: 6, 6, 7, 6. வீசத்தைப் புள்ளியில் எழுதினால் 0.0625. நூறில் அது முழுதாக விழாது, ஆறேகாலில் போய் நிற்கும். அந்தக் காலை எங்கோ ஒளித்து, மூன்றாம் அணாவில் வெளியே எடுத்திருக்கிறார்கள். நாலணாவும் எட்டணாவும் சரியாக விழுந்ததால் பிழைத்துக்கொண்டன. 25 காசு நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன பிறகும் ‘நாலணாவுக்குப் பெறாத பேச்சு’ இருக்கிறது.

பத்தில் ஒன்றைக் குறிக்கும் ‘தசமம்’ வடசொல். ஆனால் பத்தில் ஒன்று தமிழ்க் கணக்குக்குப் புதிதில்லை, அது இருமா. 0.05 மா, 0.15 மும்மா, 0.2 நாலுமா, 0.25 ஐந்து மா சேர்ந்த கால். முந்திரிகூட 0.003125 என்று ஒழுங்காக முடிந்துவிடும். 320 என்ற எண்ணில் இரண்டும் ஐந்தும் தவிர வேறு பகா எண் இல்லாததுதான் காரணம். தசமத்துக்கு ஏற்ற பெயர்களை நாம் வைத்திருந்தோம், எழுதும் முறைதான் வேறு. ஐரோப்பாவில் 1585-ல் சைமன் ஸ்டெவின் தசமத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, அதை வானநூலார், நில அளவர், திரைச்சீலை அளப்பவர், நாணயச்சாலைக்காரர், வணிகர் எல்லாருக்கும் காணிக்கையாக்கினார். அவரும் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் வட்டத்துக்குள் 0, 1, 2 என்று இடத்தைக் குறித்தார்.

புள்ளியின் தொல்லை, அது எல்லா இடத்திலும் ஒரே முகத்தோடு நிற்பதுதான். தோலின் முதுகில் இருக்கும் 14³-ஐ யாரோ சீட்டில் 14.3 என்று இறக்கிவிட்டால், கணக்குப் போடுகிறவர் பதினாலும் பத்தில் மூன்றும் என்று எடுப்பார். சதுர அடி 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினாலே முக்காலுக்கு 1180 ரூபாய், 14.3-க்கு 1144. ஒரு தோலுக்கு 36 ரூபாய் கண்ணெதிரே காணாமல் போகும். கிரிக்கெட் பார்க்கும் பையனுக்கு 4.3 ஓவர் என்றால் நாலரை ஓவர், ஆறு பந்துக்கு ஒன்று என்பதால். 5.6 உயரம் என்றால் ஐந்தடி ஆறு அங்குலம், அதாவது ஐந்தரை அடி. 2.30 மணி இரண்டரை. இத்தனையையும் வாயில் சரியாகச் சொல்கிற பையன்தான், பரீட்சையில் 0.25 பெரிதா 0.5 பெரிதா என்றால் 25-ஐப் பார்த்து மயங்குகிறான். புள்ளிக்குப் பின்னால் ‘இருபத்தைந்து’ என்று படிக்காமல் ‘இரண்டு ஐந்து’ என்று படி என்று சொல்வது நல்ல உபாயம். அதைவிட நல்லது, தோலின் கனம் பார்க்கும் கேஜைக் கையில் கொடுப்பது. ஷூவின் மேல்பகுதிக்கு 1.2 மில்லிமீட்டர் தோல், உட்புறத் துணைத்தோலுக்கு 0.8 என்று விரலால் தடவிப் பார்த்தவன் பத்தில் நாலை மறக்கமாட்டான்.

அப்படியானால் கால், அரை, தசமம் போதுமே, தொகுதியும் பகுதியும் எதற்கு? மூன்றுக்காக. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள்; ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போக, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கியது. மூன்று மாவட்டமும் சம அளவில்லை. ஆகவே எதையும் ‘மூன்றில் ஒன்று’ என்று சொல்ல முடியாது. வகுப்பில் சமபங்கு என்ற நிபந்தனையைச் சொல்லப் பொருத்தமான உதாரணம். சமமான மூன்றில் ஒன்றுக்கோ கால் குடும்பத்தில் பெயரே இல்லை. முந்திரி, கீழ் முந்திரி வரை இறங்கினாலும் கிட்டப் போகலாம், தொட முடியாது. தசமத்திலும் 0.333 என்று முடியாமல் ஓடும்.

இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் தினமும் புழங்குவது அந்த மூன்றுதான். ஆங்கில அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் மூன்றில் ஒரு அங்குலம் வித்தியாசம். எட்டரை என்று அரை நம்பர் வந்தால் ஆறில் ஒன்று. ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு. 42-ஆம் நம்பர் ஷூவை இழுத்து ஏற்றும் அச்சின் நீளம் என்ன? 42-ஐ மூன்றால் வகுத்தால் 14, இரண்டால் பெருக்கினால் 28 சென்டிமீட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகச் சொல்லும். அதையே ⅔-ஐ 0.67 ஆக்கி, கால்குலேட்டரில் தட்டினால் 28.14 வரும். அந்த 0.14 சென்டிமீட்டர் என்பது 1.4 மில்லிமீட்டர், ஷூவின் மேல்தோலுடைய கனத்தைவிடக் கூடுதல்.