பதினைந்தில் ஒரு பங்கு

அந்தக் கிரிக்கெட் பந்தின் ஊர் மெல்பேர்ன். அந்நகரத்துப் புறநகரான மூரபினில்தான் அதைச் செய்யும் கூக்கபுரா நிறுவனம் இருக்கிறது. தக்கைக் கரு, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய நூல், சிவப்புச் சாயம் ஏற்றிய மாட்டுத்தோல், இடுப்பைச் சுற்றி ஆறு வரிசைத் தையல். எடை 156 கிராமுக்குக் குறையவும் கூடாது, 163ஐத் தாண்டவும் கூடாது. இலங்கையில் டெஸ்ட் ஆட்டங்கள் இந்தப் பந்தில்தான் ஆடப்பட்டன.

மெல்பேர்ன் என்றால் கண்டிக்காரருக்கு நினைவுக்கு வருவது வேறு. 1995 நத்தாருக்கு மறுநாள் தொடங்கிய டெஸ்டில், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயர் திரும்பத் திரும்ப ‘நோ போல்’ கொடுத்தது அங்கேதான். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை அவருடையது. அந்த ஊரில் செய்த பந்து ஒன்று 2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் அதே கைக்கு வந்தது. ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளை முரளி எட்டிப் பிடித்துவிட்டார். இன்னும் ஒன்று வேண்டும். எதிரே இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்.

மைதானமோ திரித்துவக் கல்லூரியுடையது. முரளி படித்தது அதன் பரம போட்டியாளரான கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே மிதவேகமாகப் போட்டுக்கொண்டிருந்த 14 வயதுப் பையனைச் சுழலுக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. இயற்பியல் கண்ணால் பார்த்தால் இது வினோதமான யோசனை. உந்தம் என்பது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் பந்துக்கு அது 6.2 அலகு. 85இல் வரும் சுழல்பந்துக்கு 3.8தான். கையில் இருப்பதைக் குறைத்துக்கொள் என்றல்லவா சொல்லியிருக்கிறார்!

ஆனால் சுழல்பந்து வீச்சாளர் எல்லாவற்றையும் தன் கையாலேயே கொடுத்துவிடுவதில்லை. மணிக்கட்டை முறுக்கிச் சுழற்சியை ஏற்றி அனுப்புகிறார். பந்து தரையைத் தொடும்போது, சுழலும் தோலும் தையலும் தரையோடு உராய்கின்றன. தரை பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் கணத்தாக்கு: விசையையும் அது செயற்படும் நேரத்தையும் பெருக்கினால் உந்தத்தில் ஏற்படும் மாற்றம்.

எவ்வளவு தள்ளினால் போதும்? தரையில் பட்டு எழும் பந்து விநாடிக்கு 18 மீற்றர் வேகத்தில் 5 பாகை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவையான பக்கவாட்டு உந்தம் 0.25 அலகு. முரளி கொடுத்தனுப்பியதில் பதினைந்தில் ஒரு பங்கு. தொடுகை விநாடியின் நூறில் ஒரு பங்கு நீடித்தால், தரை தள்ளும் விசை இரண்டரைக் கிலோ அரிசிப் பையின் எடைக்குச் சமம், அவ்வளவே. மூன்று மீற்றர் தள்ளி விழுந்தது ஸ்டம்பை அடைவதற்குள் 26 சென்ரிமீற்றர் விலகிவிடும். துடுப்பின் அகலமோ 10.8 சென்ரிமீற்றர்.

விளிம்பில் பட்டுப் பறந்தால் ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன. முரளியின் பந்தில் அவர் பிடித்த டெஸ்ட் பிடிகள் மட்டும் 77. அவர் செய்வது கணத்தாக்கின் மறுபக்கம். விநாடிக்கு 20 மீற்றரில் வரும் பந்தை நூறில் ஒரு விநாடியில் நிறுத்தினால் உள்ளங்கையில் 33 கிலோ விழுந்தாற்போல இருக்கும். கையைப் பின்னிழுத்துப் பத்தில் ஒரு விநாடி எடுத்துக்கொண்டால் மூன்றே கிலோ சொச்சம். உந்தம் போவது ஒன்றுதான், அவசரப்படாமல் போகிறது.

அன்று மஹேலவுக்கு வேலை இருக்கவில்லை. பந்து கொலிங்வுட்டைத் தாண்டிவிட்டது. மிச்சமிருந்த உந்தத்தில் ஒரு பகுதி ஸ்டம்புக்குப் போனது. ஸ்டம்பு ஊன்றியிருந்த தரைக்கும் கொஞ்சம். சில கிராம் எடையே உள்ள பெயில்களைக் கிளப்ப அதிகம் தேவையில்லை. அஸ்கிரியவில் அதற்குப் பிறகு டெஸ்ட் ஆட்டமே நடக்கவில்லை. 2010இல் ஆட்டங்கள் பல்லேகலைக்கு மாறிவிட்டன.