மின்னலுக்குக் கீழே வாசித்துக் கொண்டிருந்த மனிதர்



நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அடிக்கடி சுற்றி வருகிறது. பெரிய கொட்டகை ஒன்றுக்குள் மின்னல் கீற்றுகள் நாலாபக்கமும் பாய்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒரு மனிதர் கதிரையில் அமர்ந்து நிதானமாக வாசித்துக் கொண்டிருக்கிறார். அவர் விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா. அவருடைய துணிச்சலைப் புகழ்ந்து நாலு வரியும் கூடவே வரும். அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை நமது பிள்ளைகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கதையை அதற்குச் சற்று முன்பிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்து ஓவியர்கள் மின்னலைக் கூர்மையாக மடங்கி மடங்கி இறங்கும் கோடாகத்தான் வரைந்தார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் புகைப்படக்காரர் வில்லியம் ஜெனிங்ஸ் அது சரிதானா என்று பார்க்க விரும்பினார். 1882ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவருக்குப் படம் கிடைத்தது. மின்னல், ஓவியத்தில் உள்ளது போல இருக்கவில்லை. ஆறும் கிளையாறுகளும் போல நெளிந்து பிரிந்திருந்தது.

மின்னல் வெட்டியதைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினால் பிந்திவிடும். அதனால் இருட்டில் லென்ஸைத் திறந்தபடி விட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டு கண்ணாடித் தட்டில் பதியாது. மின்னல் வரும்போது தன் வெளிச்சத்தாலேயே தன்னைப் பதித்துவிட்டுப் போகும். பிலிம் கமரா பாவித்தவர்களுக்கு வேகம் மாற்றும் குமிழில் இருந்த 'பி' என்ற எழுத்து ஞாபகம் இருக்கும். அதில் வைத்தால் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் மூடாது. மின்னலையும் ஆய்வுகூடத்து மின்பொறிகளையும் படம் பிடிக்கும் முறை இதுதான்.

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். திறந்திருக்கும் தட்டோ பிலிமோ, தன்மேல் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று அதற்குத் தெரியாது.

இனி டெஸ்லாவிடம் வருவோம். 1899 மே மாதம் அவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போய் ஆய்வுகூடம் அமைத்தார். அங்கே பெரிய கம்பிச் சுருள்களைக் கொண்டு மில்லியன் கணக்கான வோல்ற்று மின்னழுத்தத்தை உண்டாக்கினார். அவற்றைப் படம் பிடிக்க டிக்கன்சன் அலி என்ற புகைப்படக்காரர் வந்தார். முதலில் கொட்டகையை இருட்டாக்கி மின்பொறிகளை மட்டும் தட்டில் பதித்தார்கள். இயந்திரம் நின்ற பிறகு டெஸ்லா வந்து கதிரையில் அமர்ந்தார். அதே தட்டில், விளக்கு வெளிச்சத்திலும் பிளாஷ் தூளின் வெளிச்சத்திலும் அவரைப் பதித்தார்கள். இரண்டு வெவ்வேறு நேரங்கள் ஒரே படத்தில் வந்து உட்கார்ந்தன.

இது யாரோ அவதூறாகச் சொன்ன கதையல்ல. மின்பொறி பாயும்போது தான் அங்கே இருக்கவில்லை என்பதை டெஸ்லாவே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகள் 1978இல்தான் நூலாக வந்தன. படம் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே உலகம் சுற்றத் தொடங்கிவிட்டது.

தட்டின் இந்தக் குறையைத் தீர்க்கவும் ஒருவர் வழி கண்டார். பிரித்தானிய விஞ்ஞானி சார்ள்ஸ் பொய்ஸ், லென்ஸ்கள் வேகமாகச் சுழலும் கமராவை உருவாக்கினார். லென்ஸ் நகர்வதால் முந்தியதும் பிந்தியதும் தனித்தனி இடத்தில் பதியும். 1930களில் தென்னாபிரிக்காவில் பசில் ஷொன்லாந்தும் அவருடைய குழுவினரும் இந்த வகைக் கமராவால் மின்னலைப் படம் பிடித்தார்கள். மேகத்திலிருந்து மங்கலான ஒளி சுமார் 50 மீற்றர் கொண்ட படிகளாக இறங்குகிறது, அது நிலத்தை நெருங்கித் தொடுத்ததும் பிரகாசமான ஒளி கீழிருந்து மேலே பாய்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின. கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே வெட்டாகவே தெரிகின்றன.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்தைப் பார்க்கும் ஒரு பிள்ளை, துணிவிருந்தால் உயர் அழுத்த மின்சாரத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம் என்றுதான் விளங்கிக் கொள்ளும். டெஸ்லா அப்படி இருக்கவில்லை. அதன் ஆபத்தை நன்றாக அறிந்தவர் அவர். நமது நாட்டிலோ ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். வயலில், களப்பில், விளையாட்டு மைதானத்தில் நிற்பவர்கள் முதல் இடி கேட்டதுமே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். போனில் மின்னலைப் படம் எடுக்க மொட்டைமாடிக்கு ஏறும் பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள்.

ஒரு செய்தி வந்தால் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். படத்துக்கும் அது பொருந்தும். அடுத்த முறை இந்தப் படம் உங்கள் குழுவுக்கு வந்தால், "மின்பொறி பாயும்போது அவர் அங்கே இருக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.