மடிக்கணினியின் வன்தட்டுக் கட்டுப்படுத்தி முறைகள்

தாய்ப்பலகையில் இருக்கும் சேமிப்புக் கட்டுப்படுத்தி, இயங்குதளத்திடம் தன்னை எந்த வகைச் சாதனமாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பயாஸ் அமைப்பே கட்டுப்படுத்தி முறை. ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு ஆகியவை வழக்கமான தேர்வுகள். நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய மடிக்கணினி காலையில் நீலத்திரை காட்டி நின்றுபோவதற்கு இந்த ஒற்றை வரி மாறியிருப்பதே காரணமாக இருப்பதுண்டு. அப்போது வட்டு பழுதாகியிருக்காது, கோப்புகளும் அழிந்திருக்காது. வட்டோடு எந்த வழியில் பேசுவது என்பதில் பயாஸும் இயங்குதளமும் முரண்பட்டு நிற்கும், அவ்வளவுதான்.

பழைய அட்டையின் வாரிசுகள்

தொடக்கத்தில் தேர்வு என்ற பேச்சே இல்லை. ஐபிஎம் 1983-ல் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதை இயக்கும் கட்டுப்படுத்தி, தனியாகச் செருகப்பட்ட ஓர் அட்டை. அடுத்த ஆண்டு வந்த பிசி ஏடி இரண்டு பழக்கங்களை விட்டுச்சென்றது. ஒன்று, வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்த கட்டுப்படுத்தி அட்டையின் பதிவக ஏற்பாடு: கட்டளையை எந்த முகவரியில் எழுதுவது, பதிலை எங்கே படிப்பது என்ற ஒழுங்கு. மற்றொன்று, மின்கலத்தின் தயவில் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் நினைவகம். இன்றைய மடிக்கணினிச் சிக்கலின் இரண்டு நூல்முனைகளும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன.

1986-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் காம்பேக்கும் முன்னின்று கட்டுப்படுத்தியை வட்டின் முதுகிலேயே ஏற்றிவிட்டன. ஐடிஇ என்ற பெயர் அப்படி வந்தது. அட்டை போனது, ஆனால் அதன் பதிவக ஏற்பாடு அப்படியே தங்கியது. 1994-ல் அது ஏடிஏ என்ற பெயரில் அமெரிக்கத் தரமாகவும் ஆனது. அகன்ற நாடா வடமும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பரும் கண்டவர்களுக்கு இந்தக் காலம் நினைவிருக்கும். மடிக்கணினி வட்டில் மின்சாரமும் சேர்ந்து வரும் 44 முனைகள் இருந்தன.

2003-ல் வந்த சாட்டா, நாடா வடத்தை ஒல்லியான வடமாக மாற்றியது. மென்பொருளுக்கு மட்டும் எதுவும் மாறாததுபோல் காட்டப்பட்டது. இன்டெலின் அவ்வாண்டுச் சில்லுத்தொகுதி, சாட்டா வட்டைப் பழைய ஐடிஇ வட்டாகவே இயங்குதளத்துக்கு அறிமுகப்படுத்தியது. பயாஸில் இன்றும் ‘ஐடிஇ முறை’ என்று எழுதியிருந்தால், அந்தக் கட்டுப்படுத்தி 1984-ன் அட்டையாக நடிக்கிறது என்று பொருள்.

வேடம் வேண்டாம் என்று முடிவானது 2004-ல். சாட்டாவுக்கென்றே இன்டெல் வகுத்த ஏஎச்சிஐ, ஒரு போர்ட்டுக்கு 32 கட்டளைகளை வரிசையில் வாங்கிக்கொள்ளும். அவற்றை எந்த வரிசையில் முடிப்பது சுலபம் என்பதை வட்டே முடிவு செய்யும். ஆனால் பழைய இயங்குதளங்களைக் கைவிட முடியாததால், ஒரே சில்லு இரண்டு முகங்களோடு வந்தது. எந்த முகத்தைக் காட்டுவது என்ற தேர்வு பயாஸுக்குப் போனது. முகம் மாறும்போது சில்லின் அடையாளச் சீட்டும் மாறுகிறது: பிசிஐ வகைக் குறியீடு ஐடிஇ என்றால் 0101, ரெய்டு என்றால் 0104, ஏஎச்சிஐ என்றால் 0106. இயங்குதளம் இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது.

7பி என்ற எண்

கணினி தொடங்கும்போது வட்டை முதலில் படிப்பது பயாஸ். இயங்குதளத்தின் கருவையும் ‘தொடக்கத்திலேயே தேவை’ என்று குறிக்கப்பட்ட சில டிரைவர்களையும் பயாஸின் துணையோடு நினைவகத்துக்குக் கொண்டுவந்த பிறகு, கரு பொறுப்பேற்றுக்கொண்டு தன் சொந்த டிரைவர் வழியாக வட்டைத் தேடுகிறது. நட்டாற்றில் ஓடம் மாறும் வேலை இது. புதிய ஓடமான டிரைவர் முன்பே ஏற்றப்பட்டிருந்தால் பயணம் தொடரும். இல்லையென்றால், அந்த டிரைவர் கிடப்பது எந்த வட்டிலோ, அந்த வட்டைத்தான் கருவால் படிக்க முடியவில்லை. விண்டோஸ் அப்போது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை காட்டும்: தொடக்கச் சாதனத்தை எட்ட முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது. அந்தத் தரமே பிறந்திருக்கவில்லை. நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் கொடுக்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆனால் ஏஎச்சிஐ வந்த மடிக்கணினிகளில் ஃபிளாப்பி டிரைவ் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. 2007-ல் விஸ்டாவோடு மடிக்கணினி வாங்கி, அது பிடிக்காமல் எக்ஸ்பிக்குத் திரும்ப நினைத்தவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்தார்கள். எக்ஸ்பி குறுந்தட்டைப் போட்டால் பாதியில் நீலத்திரை வரும். தப்பிக்க இரண்டு வழிகள் இருந்தன: என்லைட் போன்ற மென்பொருளால் டிரைவரைக் குறுந்தட்டுக்குள்ளேயே சேர்த்து எழுதுவது, அல்லது பயாஸில் ஐடிஇ முறைக்கு இறங்குவது. அந்த வரியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒரு தயாரிப்பாளர் அதை ‘சாட்டா நேட்டிவ் மோடு’ என்பார், இன்னொருவர் ‘கம்பேட்டிபிலிட்டி’ என்பார்.

விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் டிரைவர் உள்ளேயே இருந்தது. ஆனால் ஐடிஇ முறையில் நிறுவினால், தேவையில்லை என்று கருதி ஏஎச்சிஐ டிரைவரைத் தொடக்கப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடும். பிறகு எஸ்எஸ்டி மாட்டி, ஏஎச்சிஐ வேகம் வேண்டுமென்று பயாஸை மட்டும் மாற்றியவர்களுக்கு மறுபடியும் அதே 7பி. மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு, பயாஸைத் தொடுவதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 0 ஆக்குவது. விண்டோஸ் 8-க்குப் பிறகு இன்னும் எளிய உபாயம் பரவியது: அடுத்த தொடக்கம் சேஃப் மோடில் நடக்கும்படி செய்துவிட்டு, இடையில் பயாஸ் முறையை மாற்றுவது. சேஃப் மோடு எதிரில் இருக்கும் சில்லுக்கேற்ற டிரைவரை ஏற்றிக்கொள்ளும். அதன்பின் வழக்கமான தொடக்கத்துக்குத் திரும்பலாம். லினக்ஸ் இதில் பெரிதாகச் சிக்கவில்லை. தொடக்க நினைவகப் படிமத்திலேயே பல டிரைவர்கள் இருப்பது அதற்கு உதவியது. எச்டிஏ என்றிருந்த வட்டின் பெயர் எஸ்டிஏ ஆனபோது மட்டும் சிலருக்குத் தொடக்கம் தவறியது.

யாரும் கைவைக்காமல் மாறும் அமைப்பு

பயாஸுக்குள் போகவே இல்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். பல மடிக்கணினிகளில் சிமாஸைக் காப்பது சிஆர்2032 போன்ற 3 வோல்ட் பொத்தான் மின்கலம். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். பிறகு ஒருநாள் முதன்மை பேட்டரியும் காலியானால், பயாஸ் தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். அந்த அமைப்பில் ரெய்டு என்றிருந்து, விண்டோஸ் ஏஎச்சிஐயில் நிறுவப்பட்டிருந்தால் காலையில் நீலத்திரைதான். தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருப்பது இதற்கு நல்ல தடயம். பயாஸ் புதுப்பிப்பும் சில நேரம் இதையே செய்யும். கணினி எந்த முறையில் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும் யூஇஎஃப்ஐ, லெகசி என்ற தேர்வும் அதே மூச்சில் மாறிவிடலாம். அப்போது நீலத்திரைகூட வராது. தொடக்கச் சாதனம் இல்லை என்ற கறுப்புத்திரைச் செய்தியோடு நின்றுவிடும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தால் பாதி நோய் புரிந்துவிடும். விண்டோஸ் சின்னம் தோன்றியபின் நீலத்திரை வந்தால், பயாஸால் வட்டைப் படிக்க முடிகிறது. சந்தேகம் முறையின் மேல் விழ வேண்டும். சின்னமே தோன்றாவிட்டால் தொடக்க வரிசை, யூஇஎஃப்ஐ தேர்வு, தளர்ந்த இணைப்பு என்று பார்க்க வேண்டும். பயாஸ் பட்டியலில் வட்டின் பெயரே இல்லாமல் ‘டக் டக்’ என்ற சத்தமும் கேட்டால், அது வேறு நோய். மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்ப்பது சுருக்கமான சோதனை. முறையை மாற்றுவதற்கு முன் பழைய தேர்வைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் கையில் இருக்க வேண்டும்.

‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்ற தீர்ப்பு இந்த நோயில் மிகவும் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் உண்மையிலேயே சரியாகிவிடும். புதிதாக நிறுவும்போது விண்டோஸ் அப்போதிருக்கும் முறைக்கான டிரைவரை எடுத்துக்கொள்கிறது. கணினி ஓடுகிறது, வட்டில்தான் ஏதோ கெட்டுப்போயிருந்தது என்ற தவறான முடிவு உறுதிப்படுகிறது, புகைப்படங்கள் போய்விடுகின்றன. ஒரு வரியை மாற்றினால் தீர்ந்திருக்கும்.

ரெய்டும் விஎம்டியும்

பல வட்டுகளை ஒன்றாக இணைப்பதற்கான ரெய்டு, ஒரே வட்டுள்ள மடிக்கணினிக்கு எதற்கு? இன்டெலின் சேமிப்பு மென்பொருள் அந்த முறையில்தான் தன் வசதிகளைத் தருகிறது என்பதே பதில். ஆப்டேன் நினைவகத்துக்கும் அது தேவைப்பட்டது. 2011-ல் பிறந்த என்விஎம்இ தரத்தில் இயங்கும் வட்டுகள் ஏஎச்சிஐயைச் சாராதவை. ஆனாலும் ரெய்டு முறையில் இன்டெல் சில்லு அவற்றைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். 2016-ல் லெனோவோவின் யோகா 900 வரிசையில் ஒரு மாடலில் ஏஎச்சிஐக்கு மாறும் தேர்வே இல்லாததால், லினக்ஸ் நிறுவ முனைந்தவர்களுக்கு வட்டே தென்படவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்தத் தேர்வுள்ள பயாஸ் வந்தது.

11-ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளில் மறைப்பு வேலையை விஎம்டி என்ற இன்டெல் வசதி எடுத்துக்கொண்டது. அது இயங்கும்போது விண்டோஸ் 10-ன் நிறுவல் திரையில் வட்டுப் பட்டியல் வெறுமையாக இருக்கும். பயாஸில் விஎம்டியை அணைக்கலாம். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் அப்படி அணைத்தால் பழைய நீலத்திரை எட்டிப்பார்க்கும். விஎம்டியை அணைக்காமலே, நிறுவல் திரையில் ‘லோடு டிரைவர்’ பொத்தானை அழுத்தி, பென் டிரைவிலிருந்து டிரைவர் கொடுக்கலாம். இன்டெல் தரும் அந்த டிரைவர் கோப்புறையின் பெயரில் ‘எஃப்6’ என்ற விசையும், ஃபிளாப்பி என்பதன் குறுக்கமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.