முன்ஷி அப்துல்லா கண்ட கிழக்குக் கரை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய அரண்மனை ஏடுகளும் கல்வெட்டுகளும் உதவுகின்றன. ஆயினும் மன்னர் யார், அவர் வென்ற போர் எது என்பவற்றோடு அவை பெரும்பாலும் நின்றுவிடும். சந்தையில் அமர்ந்து விற்றவர் யார், வீட்டு முற்றம் எவ்வாறு இருந்தது, பிள்ளைகள் எதைப் படித்தனர் என்பன போன்ற செய்திகளை அறிய வேண்டுமானால், அந்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் குறிப்புகளையே நாம் நாட வேண்டும். நாள்தோறும் கண்டு பழகியதை உள்ளூரார் எழுதிவைப்பதில்லை. புதிதாய் வந்தவருக்கே அது புதுமையாய்த் தோன்றும்.

மலாயாவுக்கு அத்தகைய விருந்தினர் பலர் வந்தனர். 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி ஈ-சிங், இந்தியாவை நோக்கிச் செல்லும் வழியில் கடாரத்தில் தங்கியதை எழுதிவைத்தார். பின்னர் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதினர். இவர்கள் எல்லாரும் அயல் மொழியில் அயலாருக்காக எழுதியவர்கள். மலாக்காவில் பிறந்து வளர்ந்த ஒருவர், மலாய் மொழியிலேயே, தாம் நேரில் கண்ட மலாய் ஊர்களைப் பற்றி எழுதிய பயண நூல் ஒன்று உண்டு. அது 1838இல் முன்ஷி அப்துல்லா சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குச் சென்றுவந்த வரலாறு ஆகும். தமிழாசிரியர்கள் அதனை அறிந்திருப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு.

நாகூரின் வழித்தோன்றல்

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796இல் மலாக்காவில் பிறந்தார். அவருடைய தந்தை வழி முன்னோர் ஒருவர் யேமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே மணம் புரிந்து வாழ்ந்தவர். அவருடைய மக்களில் ஒருவர் மலாக்காவில் குடியேறினார். எனவே அப்துல்லாவின் குருதியில் அரபும் தமிழும் கலந்திருந்தன; நாவிலோ மலாய் குடிகொண்டிருந்தது.

சிறு வயதில் அவரைத் தமிழ் கற்க அனுப்பினர். மலாக்காவில் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்கு வழக்கிற்கும் வாணிகத்திற்கும் அம்மொழி வேண்டியிருந்தது என்றும் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்கா வாணிகத்தில் தமிழுக்கு இருந்த மதிப்புக்கு இது அருமையான சான்றாகும்.

'முன்ஷி' என்பது அவரது பெயரன்று. ஆசிரியர் என்னும் பொருளுடைய பட்டம். மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் மலாய் கற்பித்தார். அச்சிப்பாய்களே அவரை முன்ஷி என்று அழைத்தனர். 1811இல் ஜாவாப் படையெடுப்புக்கு முன்னர் ராபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தபோது, அவரிடம் மலாய்க் கடிதங்களைப் படியெடுக்கும் எழுத்தராக இருந்தவரும் இவரே. பின்னர் கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கும் ஆங்கில வணிகர்களுக்கும் மலாய் கற்பித்து வாழ்ந்தார்.

பயணத்தின் காரணம்

1838இல் கிளந்தானில் அரச குடும்பத்தாருக்குள் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகளும் படகுகளும் அங்கே சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்பதற்காக, சிங்கப்பூரில் இருந்த ஆளுநர் பொன்ஹாமின் கடிதத்துடன் சிலர் அனுப்பப்பட்டனர். மொழிபெயர்த்துப் பேச அப்துல்லாவும் உடன் சென்றார். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் திறந்திருந்த மார்ச்சு மாத இறுதியில் அவர்கள் புறப்பட்டனர். அக்காலத்தில் அக்கடல் வழி கடற்கொள்ளையர்க்குப் பேர்போனது. தீவு தோன்றினாலும் அச்சம், பாய்மரம் தோன்றினாலும் அச்சம் என்ற நிலையிலேயே அப்பயணம் நடந்தது.

பகாங்கும் திரங்கானுவும்

முதலில் பகாங் ஆற்றின் கரையில் உள்ள பெக்கானைக் கண்டார். வளமான மண், பெரிய ஆறு, பொன் விளையும் மலைப்புறம் ஆகிய எல்லாம் இருந்தும் மக்கள் ஏழைகளாய் இருப்பது அவருக்கு வியப்பளித்தது. ஆடவர் எங்குச் சென்றாலும் ஈட்டியும் கிரிசும் ஏந்திச் சென்றனர். உழைப்போர் சிலர், சும்மா திரிவோர் பலர் என்று எழுதினார். வீடுகளின் கீழே குப்பையும், கொசுவை விரட்ட மூட்டிய புகையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

காரணத்தை அவர் ஊராரிடமே கேட்டார். நல்ல வீடு கட்டினாலோ, தோட்டம் வளர்த்தாலோ, நாலு காசு சேர்த்தாலோ, அதனை ஆள்வோர் ஏதேனும் ஒரு வழியில் பறித்துக்கொள்வர். ஆகவே அன்றாடம் உண்பதற்கு மேல் உழைத்துப் பயன் என்ன என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். சோம்பலைப் பிறவிக் குணம் என்று கூறி ஒதுக்கிவிடாமல், உடைமைக்குக் காவல் இல்லாத ஆட்சியின் விளைவு என்று காட்டியது அப்துல்லாவின் நுண்ணறிவு. இன்றைய பொருளியலார் கூறும் கருத்தும் இதனோடு ஒத்திருக்கக் காணலாம்.

அடுத்துத் திரங்கானு. அங்கே சந்தையில் விற்பவர் எல்லாரும் பெண்களாய் இருக்கக் கண்டார். அரண்மனையைக் கடந்து செல்லும்போது குடை பிடித்தலாகாது, காலணி அணிதலாகாது என்பன போன்ற கட்டளைகளைக் கண்டு, மக்களுக்கு நன்மை தரும் சட்டங்களை விடுத்து இவற்றையா பேணுவது என்று மனம் நொந்தார்.

ஆசிரியர் கண்

ஆசிரியரான அப்துல்லாவின் உள்ளத்தை உண்மையில் தைத்தது வேறொன்று. திரங்கானுப் பிள்ளைகள் திருக்குர்ஆனை ஓதக் கற்றனர்; அவர்களுடைய கையெழுத்தும் அழகாயிருந்தது. ஆனால் தம் சொந்த மொழியாகிய மலாயை முறையாகக் கற்பார் ஒருவரும் இல்லை. வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் எதற்குக் கற்க வேண்டும் என்பது அக்காலத்தாரின் எண்ணம். அரபு, தமிழ், ஆங்கிலம் முதலிய மொழியினர் தம் மொழியைப் பேணி வளர்த்ததைக் கண்டறிந்தவர் அப்துல்லா. தாய்மொழி தானே வரும் என்று விட்டுவிட்டால், அது பேச்சளவில் நின்று, அறிவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பதை அவர் பிற நூல்களிலும் வற்புறுத்தினார்.

பிற்காலத்தில் வெளிப்பட்ட செய்தி ஒன்றையும் இங்கு நினைத்தல் தகும். அதே திரங்கானுவின் உட்பகுதியில், குவாலா பெராங்கில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஜாவி எழுத்தில் மலாய் மொழியைத் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டு அதுவே ஆகும். அப்துல்லா சென்றபோது அதனை அறிந்தார் இலர். தாய்மொழியைக் கற்பார் இல்லையே என்று அவர் வருந்திய மண்ணிலேயே அம்மொழியின் பழஞ்சான்று கிடந்தது. பழம்பெருமை இருப்பதாலேயே ஒரு மொழி பயிலப்பட்டுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

போர்க்களமான கிளந்தான்

கிளந்தானில் அவர் அடைந்தது போர்க்களத்தையே ஆகும். இன்றைய தலைநகரான கோத்தா பாரு அப்போது தோன்றவில்லை. அது 1844இல்தான் அமைக்கப்பட்டது. ஆற்றோரத்தில் எதிரெதிரே அரண்கள். துப்பாக்கி வெடிகள் நாள்தோறும் கேட்டன. அரண் கட்ட அழைத்துவரப்பட்ட குடிமக்களுக்குக் கூலி இல்லை என்பதோடு, உணவையும் அவர்களே கொண்டுவர வேண்டியிருந்ததைக் கேட்டு அப்துல்லா திடுக்கிட்டார். இதற்கிடையிலும் கிளந்தான் பேச்சு வழக்கு, பாட்டு, பெண்கள் சுமை தூக்கும் முறை முதலியவற்றை அவர் ஆவலுடன் குறித்துக்கொண்டார். கடிதத்தைச் சேர்ப்பித்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிய அவர், கண்டவற்றை நூலாக எழுதினார். அதுவரை மலாய் ஏடுகள் பெரும்பாலும் மன்னர்களின் கதைகளாகவே இருந்தன. 'நான் கண்டேன், நான் கேட்டேன்' என்று ஒரு சாதாரணக் குடிமகன் உரைநடையில் எழுதியது புதுமை. பிரெஞ்சு அறிஞர் துலோரியே 1850இல் இதனைத் தம் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். ஆங்கிலத்தில் கூப் என்பவரின் மொழிபெயர்ப்பு 1949இல் வந்தது.

எந்த அளவு நம்பலாம்?

இந்நூலை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா என்பது வினா. அப்துல்லா ஆங்கில ஆளுநரின் கடிதத்தோடு சென்றவர். ஆங்கிலேயரிடம் ஊதியம் பெற்று வாழ்ந்தவர். அவர் கையில் இருந்த அளவுகோல் சிங்கப்பூர். சென்ற இடமெல்லாம் அந்த அளவுகோலால் அளந்தார். அவரை ஆங்கிலேயரின் துதிபாடி என்று பிற்கால மலாய் எழுத்தாளர் சிலர் கடிந்துரைத்தது இக்காரணத்தாலேயே.

இன்னொரு குறையும் உண்டு. அவர் கண்டவை ஆற்று முகத்துவாரங்களில் உள்ள ஊர்கள். தங்கியதும் சில நாட்களே. உட்புறத்து வயல்களில் ஏர் பூட்டி உழுதவர்களை அவர் காணவில்லை. ஓர் அரச நகரில் ஆயுதமேந்தித் திரிந்தவர்களைக் கண்டு, நாட்டார் அனைவரையும் சோம்பர் என்றல் பொருந்தாது. அவர் கண்ட சந்தைப் பெண்களே அக்கூற்றுக்கு மறுப்பாவர். நெசவிலும் படகு கட்டுவதிலும் திரங்கானு மக்கள் பெற்றிருந்த புகழும் அவ்வாறே.

ஆங்கில ஆட்சி வந்தால் மக்கள் மகிழ்வர் என்ற எண்ணமும் முழுதும் மெய்ப்படவில்லை. 1888இல் பகாங் ஆங்கில ரெசிடெண்டின் மேற்பார்வைக்கு உட்பட்டது. 1891இல் டத்தோ பஹாமான் தலைமையில் அங்கே கிளர்ச்சி எழுந்தது. 1909இல் கிளந்தான் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1915இல் தோக் ஜாங்குட் தலைமையில் மக்கள் புது வரிகளை எதிர்த்தெழுந்தனர். கொடுங்கோன்மையை வெறுப்பவர் அயலாட்சியை விரும்புவர் என்று கொள்வதற்கில்லை.

இவ்வளவு குறை கூறியபின்னும் நூலின் மதிப்புக் குறையவில்லை. அவருடைய தீர்ப்புகளை நாம் ஐயுறலாம். அவர் கண்ட காட்சிகளை ஐயுறக் காரணம் குறைவு. கூலியின்றி அரண் கட்டிய குடிமகனைப் பற்றி அரண்மனை ஏடு எழுதியிருக்காது. காட்சி வேறு, அக்காட்சிக்குப் பயணி கூறும் காரணம் வேறு என்று பிரித்தறிந்து படித்தால், பயண நூல்கள் எல்லாமே வரலாற்றுக்குக் கருவூலமாகும். வகுப்பறையில் மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும்போது பழக்க வேண்டிய பயிற்சியும் இதுவே.

1854இல் ஹஜ்ஜு யாத்திரை மேற்கொண்ட அப்துல்லா, அரபு நாட்டிலேயே உயிர் நீத்தார். அப்பயணத்தைப் பற்றியும் அவர் எழுதிக்கொண்டு சென்றார். நாகூரிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் கணக்கு கற்று, மலாய் மொழியின் புது உரைநடைக்கு வழிகோலிய அவ்வாசிரியர், திரங்கானுப் பிள்ளைகளைக் கண்டு எழுப்பிய வினா இன்னும் பழையதாகிவிடவில்லை. வீட்டில் பேசுகிறோமே, அது போதாதா என்று தமிழைப் பற்றிக் கேட்கும் பெற்றோர் நம்மிடையேயும் இருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறும் கடமை தமிழாசிரியர்களுடையது. அவ்விடையை 1838ஆம் ஆண்டின் இச்சிறு நூலிலிருந்தே தொடங்கலாம்.