வழிவிடும் கடமையும் செவ்விளக்கும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோர வீதி, களுவாஞ்சிகுடியையும் கல்லாற்றையும் கடந்து பெரிய நீலாவணையிலே அம்பாறை மாவட்டத்துட் புகுகின்றது. அங்கிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் தொடர்ந்து நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலே, தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஊருக்கு ஊர் மாறி மாறி நெருங்கி வாழ்கின்றனர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 வீதியின் இறுதிப் பகுதியே இவ்வூர்களுக்கெல்லாம் பெருவழியாக அமைந்துள்ளது. மகப்பேற்று வேதனையுற்ற பெண்ணாயினும், வயலிலே பாம்பு தீண்டிய உழவனாயினும், கடலிலே காயமுற்ற மீனவனாயினும், பெரும்பாலும் இவ்வொரு வழியாலேயே வைத்தியசாலையைச் சேர்தல் வேண்டும்.

ஆதலின், பின்னே அம்புலன்ஸ் வண்டியின் ஒலி கேட்கும்போது, முன்னே செவ்விளக்கு எரியுமாயின், சாரதி யாது செய்தல் தகும் என்னும் வினா இக்கரையோரத்தார்க்கு வெறும் தருக்கப் பொருளன்று. விளக்கை மதித்து நின்றால் ஓர் உயிர் தாமதப்படும்; விளக்கைத் தாண்டி வழிவிட்டால் சட்டம் மீறப்படும். இரு கடமைகள் எதிரெதிர் நிற்பதுபோலத் தோன்றும் இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை வரலாற்று நெறியால் ஆராய்தல் பயனுடைத்து. வழிவிடுதல் மிகப் பழைய அறம். செவ்விளக்கோ நேற்றுப் பிறந்தது.

யாருக்கு வழிவிடல் வேண்டும் என்பதைத் தரும நூல்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. வண்டியிற் செல்வோன், தொண்ணூறு வயது கடந்த முதியோன், நோயாளி, சுமை தாங்குவோன், பெண், கல்வி முடித்து மீண்ட ஸ்நாதகன், அரசன், மணமகன் ஆகியோருக்கு வழிவிடுக என்பது மனுதரும சாத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திற் காணப்படும் விதி. இவரெல்லாம் ஒருங்கே எதிர்ப்படின் ஸ்நாதகனும் அரசனுமே முந்துவர். அவ்விருவருள்ளும் அரசன் ஸ்நாதகனுக்கு வழிவிடல் வேண்டும் என்பது அதனை அடுத்து வரும் விதி. ஆபஸ்தம்ப தரும சூத்திரமும் சுமையாளர், நோயாளி, பெண் ஆகியோருக்கு வழிவிடப் பணிக்கின்றது. நோயாளிக்கு இப்பட்டியலில் இடங்கிடைத்தமை போற்றத்தக்கதே. எனினும், நெருக்கடி நேரும்போது முந்துவது நோயன்று, தகுதியே என்பதும் அங்கே தெளிவாகின்றது. தேவை வேறு, பெருமை வேறு என்னும் பாகுபாடு அக்காலத்து நூலோர்க்குத் தோன்றவில்லை போலும்.

இஸ்லாமிய மரபு இதனை வேறொரு வாயிலால் அணுகியது. பாதையிலே கிடக்கும் துன்பந்தரும் பொருளை அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதும், பாதைக்கென ஓர் உரிமையுண்டு, அதனை வழங்குக என்பதும் நபிமொழித் தொகுப்புக்களில் இடம்பெறும் செய்திகளாம். இங்கே பேசப்படுவது செல்வோனின் தகுதியன்று, பாதையின் தகுதி. வீதியை மறித்து நிற்போன் எவனுக்கோ தீங்கு செய்கின்றான். அந்த எவனோ இன்னானென்று அறிய வேண்டுவதில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவிலும், பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலின் தீமிதிப்பிலும் திரளும் பெருங்கூட்டங்களை நோக்குவோர், நெரிசலிடையே வழிகேட்டலும் வழிதருதலும் இம்மக்களுக்குப் புதியனவல்ல என்பதை உணர்வர்.

இனிச் செவ்விளக்கின் கதை. இது வீதியிலே பிறந்ததன்று. புகைவண்டிப் பாதையிலிருந்து வந்தது. 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, இலண்டனிற் பாராளுமன்றக் கட்டிடத்தின் அருகே, ஜே. பி. நைட் என்னும் புகைவண்டிப் பொறியியலாளர் வகுத்த கைகாட்டிக் கம்பம் நிறுத்தப்பட்டது. இரவிலே அதிற் சிவப்பும் பச்சையுமான வாயு விளக்குகள் எரிந்தன. அடுத்த மாதமே அவ்விளக்கு வெடித்து, அதனை இயக்கிய பொலிஸ்காரர் காயமுற்றமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. விளக்கு மறைந்தாலும் அதன் கருத்து மறையவில்லை. புகைவண்டி ஓட்டுநனுக்குச் சிவப்பு என்பது ஆராய்ச்சிக்குரியதன்று. பாதை முன்னே வெறுமையாகக் காணப்படினும், உரிய அதிகாரியின் அனுமதியின்றி அவன் அதனைக் கடத்தலாகாது. அக்கடுமையே பின்னர் வீதிக்கும் வந்தது.

ஆயினும், வீதியிலே மின்விளக்கை முதன்முதல் நிலைநாட்டியோர் இக்கடுமையாலே வரும் இடரை அறியாதாரல்லர். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே, யூக்கிளிட் அவெனியூ என்னும் பெருந்தெருவின் ஒரு சந்தியில், ஜேம்ஸ் ஹோக் என்பார் வகுத்த முறைப்படி சிவப்பு, பச்சை மின்விளக்குகள் நிறுவப்பட்டன. தீயணைப்பு வண்டி முதலியன வரும்போது எல்லாத் திசை வாகனங்களையும் ஒருங்கே நிறுத்தி, அவ்வண்டிக்குச் சந்தியை வெறுமையாக்கிக் கொடுக்கும் ஏற்பாடும் அம்முறையிலே தொடக்கத்திலேயே இருந்தது. இது பெரிதும் நோக்கத்தக்கது. மின்சமிக்ஞையை முதலிலே வகுத்தோர், அவசர வண்டிக்கு வழிவிடவேண்டியது சாரதி மட்டுமன்று, விளக்குமாம் என்று கருதினர். பின்வந்த நகரங்கள் பல விளக்கை எடுத்துக்கொண்டன, ஏற்பாட்டை விட்டுவிட்டன. இன்று சாரதிகள் படும் மயக்கத்துக்கு இவ்விடுபாடே பெரியதொரு காரணம் எனல் மிகையாகாது.

அம்புலன்ஸ் வண்டியின் பழைய வரலாறு போர்க்களத்தைச் சார்ந்தது. பிரெஞ்சுப் படையின் வைத்தியர் லாரே என்பார், காயமுற்ற வீரரைப் போர் முடியுமுன்பே அப்புறப்படுத்தும் விரைவு வண்டிகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்தார். இலங்கையிலே நெடுங்காலம் அம்புலன்ஸ் என்பது பெரும்பாலும் ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு நோயாளரைக் கொண்டுசெல்லும் வண்டியாகவே இருந்தது. வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டியோ அயலார் வானோதான் துணை. இந்தியாவின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டிலே மேல், தென் மாகாணங்களில் 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தோடு சுவசெரிய சேவை தொடங்கிற்று. 2018ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே அதன் விரிவு ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் ஒன்பது மாகாணங்களுக்கும் பரந்தது. அதன் பின்னரே கல்முனைக் கரையோரத்துச் சாரதிக்கும் இவ்வினா அடிக்கடி எதிர்ப்படலாயிற்று. ஆயினும் ஒன்று: ஒலியெழுப்பாத முச்சக்கர வண்டியிலும் உயிருக்குப் போராடும் நோயாளி இன்றும் செல்லக்கூடும். அவ்வண்டிக்கு எச்சட்டமும் முன்னுரிமை தந்ததாகத் தெரியவில்லை. அதன் சாரதியின் கைக்குறிப்பைக் கண்டு அயலார் விலகுவதே அதற்குள்ள உரிமை.

சட்டங்கள் கூறுவன யாவை? 1968ஆம் ஆண்டு வியன்னாவில் நிறைவேறிய வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, ஒலியாலும் ஒளியாலும் எச்சரித்து வரும் முன்னுரிமை வண்டிக்கு இடம்விட்டு, வேண்டுமாயின் நிற்கவும் வேண்டும் என ஏனையோரைப் பணித்தது. பிறருக்கு ஆபத்து விளைக்காதவிடத்து, அம்முன்னுரிமை வண்டிக்கு விதிகளிலிருந்து விலக்களிக்கவும் நாடுகளுக்கு இடந்தந்தது. விலக்கு வண்டிக்கேயன்றி வழிவிடுவோனுக்கன்று என்பதை மறத்தலாகாது. பிரித்தானியாவின் நெடுஞ்சாலை நெறிநூல், அவசர வண்டிக்கு இடங்கொடுக்கும்போதும் போக்குவரத்துக் குறிகளை மதித்தே கொடுக்க வேண்டும் என்கின்றது. அங்கே அம்புலன்ஸ் செவ்விளக்கைக் கவனத்தோடு கடக்கலாம், அதற்கு வழிவிடும் சாரதி கடத்தலாகாது. ஜெர்மனியிலோ வேறு வழியில்லாதபோது, மெல்ல ஊர்ந்து, எவருக்கும் இடரின்றி நிறுத்தற் கோட்டைச் சிறிது தாண்டி ஒதுங்குதல் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. இந்தியாவிலே 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அவசர வண்டிக்கு வழிவிடாதவர்க்கு ஆறு மாதம் வரையான சிறையோ 10,000 ரூபா தண்டமோ விதிக்க வழிசெய்தது. வழிவிடாமை குற்றம், சிவப்பைத் தாண்டுதலும் குற்றம் எனின், நடுவில் நிற்கும் சாரதியின் பாடு பரிதாபத்துக்குரியதே.

இந்தியாவிலே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் தம் கார்களின் தலையிலே சுழல்விளக்குப் பூட்டி வழிபெறும் வழக்கம் 2017ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதியோடு நிறுத்தப்பட்டது; விளக்கு அவசர வண்டிகளுக்கு உரியதாயிற்று. மனுவின் பட்டியலிலே ஒருங்கே நின்ற அரசனும் நோயாளியும் இங்கே பிரிந்தனர். காலம் சென்றாலும் நல்ல பிரிவே.

இவற்றையெல்லாம் தூக்கிப் பார்க்குமிடத்து, சாரதி தானே துணிந்து செவ்விளக்கைத் தாண்டிச் சந்தியினுட் புகுதல் தகாது என்பதே பெறப்படும். குறுக்குத் தெருவிலே பச்சை விளக்கைக் கண்டு வருவோன் ஒருவன் உளன். அவன் அம்புலன்ஸின் ஒலியைக் கேட்டிருக்க மாட்டான். கட்டிடங்கள் மறைப்பதால் அதனைக் கண்டிருக்கவும் மாட்டான். பச்சை விளக்கு அவனுக்கு ஓர் உறுதிமொழி தந்திருக்கின்றது. வழிவிட விரும்புவோன் தன் நேரத்தையும் இடத்தையும் தானஞ் செய்யலாம். அந்த அயலானின் உயிர்க்காப்பைத் தானஞ் செய்ய அவனுக்கு உரிமையில்லை. பிறர் பொருளை எடுத்துச் செய்யும் தானம் தானமாகாது என்பதை அறநூல் கற்றோர் அறிவர். மேலும், சந்தியினுட் புகுந்த வண்டி மற்றொன்றோடு மோதுமாயின் அம்புலன்ஸும் அங்கேயே அகப்பட்டு நிற்கும். பொலிஸ்காரர் கைகாட்டி அழைத்தால் நிலைமை வேறு. ஏனெனில் அப்போது எல்லாத் திசைகளையும் காக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டார். நிறுத்தற் கோட்டருகே சிறிது முன்னகர்ந்து இடப்புறம் ஒதுங்குதலை ஜெர்மனி ஏற்பதுபோல ஏனைய நாடுகளும் ஏற்பின் நன்று.

ஆயினும், இத்தீர்ப்போடு நிறுத்திக்கொள்வது பொறுப்பு முழுவதையும் சாரதியின் தலையிலே சுமத்துவதாகும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நோயாளரைக் கொண்டுசென்றோர் இதனை நன்கறிவர். 1924ஆம் ஆண்டிலே தேசாதிபதி மானிங் துரையின் மனைவியார் பெயராற் கட்டப்பெற்ற கல்லடிப் பாலம் ஒரு வழிப் பாலம். ஒரு திசை வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுதிசை வாகனங்கள் கரையிலே காத்திருந்தன. எதிர்வரிசை பாலத்தின் நடுவிலே வந்துகொண்டிருக்கும்போது, இக்கரையிலுள்ளோர் அனைவரும் எத்துணை நல்லெண்ணம் உடையராயினும் அம்புலன்ஸுக்கு என் செய்ய இயலும்? அங்கே விளக்கை மீறுவதற்கும் இடமில்லை, ஒதுங்குவதற்கும் இடமில்லை. ஜப்பானிய உதவியோடு அகன்ற புதிய பாலம் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. எண்பத்தொன்பது ஆண்டுகளாகச் சாரதிகளின் பண்பாடு தீர்க்கமாட்டாத ஒன்றை இரும்பும் கொங்கிறீட்டும் தீர்த்தன. வாவியைக் கடந்து அண்ணாமலை, நாவிதன்வெளிப் பக்கங்களுக்குச் செல்லும் கிட்டங்கி வீதியோ, மாரிகாலத்து வெள்ளத்தில் மூழ்கும் இயல்பினது; அங்கு வழிமறிப்பது மனிதரன்று, நீர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலையிலே கடல் பொங்கியபோது இவ்வொற்றை வழியின் குறை உலகறியப் புலனாயிற்று. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கடலோரப் பகுதிகள் அழிந்தன. தெற்கே அறுகம்பைப் பாலம் சிதைந்தது. கடலோரத்தை ஒட்டிச் சென்ற வீதியை விட்டால், உள்நாட்டுக்குச் செல்லும் வழிகள் மிகச் சிலவே. காரைதீவுச் சந்தியிலே பிரிந்து சம்மாந்துறையூடாக அம்பாறை நகருக்குச் செல்லும் வீதி அவற்றுள் முதன்மையானது. விபுலாநந்த அடிகள் பிறந்த அவ்வூரின் சந்தி, அமைதிக் காலத்திலும் இடர்க் காலத்திலும் இக்கரையோரத்தின் கழுத்துப் போன்றது.

சென்னை மாநகரிலே 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், மூளைச் சாவுற்ற ஓர் இளைஞனின் இதயம் முகப்பேரிலுள்ள வைத்தியசாலைக்கு நெருக்கடி மிக்க தெருக்களூடாக ஏறத்தாழ 11 நிமிடங்களிற் கொண்டுசெல்லப்பட்டது. பொலிஸார் முன்கூட்டியே சந்திதோறும் நின்று வாகனங்களைத் தடுத்து வழி செய்தனர். எந்தச் சாரதியும் தன் துணிவாற் செவ்விளக்கை மீற வேண்டிய தேவை அங்கே எழவில்லை. கிளீவ்லாந்தார் 1914ஆம் ஆண்டிலே எண்ணியதும் இதுவே. இன்று அம்புலன்ஸ் அணுகும்போது தானே பச்சையாக மாறும் விளக்குக் கருவிகளும் பல நாடுகளிற் பயன்படுகின்றன. ஆயினும் ஒரு பொலிஸ்காரரும் ஒரு தொலைபேசியும் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதைச் சென்னை காட்டிற்று.

கல்முனைக் கரையோரத்திலே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரிலே அமைந்துள்ளன. சந்தை நாள் மாலையிலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் பிரதான வீதியின் இரு மருங்கும் நிறுத்திய வண்டிகளால் ஒடுங்கும்போது, ஒதுங்க விரும்பும் சாரதிக்கும் ஒதுங்க இடம் வேண்டும். அவ்விடத்தை ஒழுங்குசெய்து தருதல் உள்ளூராட்சி மன்றத்தாரின் பணி. பள்ளிவாசல், கோயில் நிருவாகத்தார் தம் வாயிலின் முன்னுள்ள வீதியோரத்தைத் திறந்து வைத்தலும் அப்பணிக்குத் துணையாகும். இவ்வூர்களின் சந்திகளிலே சமிக்ஞை விளக்குகள் அமைக்கப்படும்போது, அவற்றை அவசர வண்டிக்காக மாற்றும் விசையும் முதல்நாளே உடன் வருதல் வேண்டும். அவ்விசை யார் கையில் இருக்கும் என்பதும், 1990 இலக்கத்துக்கு வந்த அழைப்பு அவருக்கு எவ்வாறு எட்டும் என்பதும் விளக்கு எரியத் தொடங்குமுன்பே முடிவு செய்யப்பட வேண்டியவை.