269-க்கு 270: ஒரே வருஷம், ரெண்டு நாடு, ரெண்டு ஓட்டெடுப்பு

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "அமெரிக்கா மாதிரி நாமளும் அதிபர் முறைக்கு மாறிட்டா, இந்தக் கூட்டணிப் பேரம், ஆட்சிக் கவிழ்ப்பு எல்லாம் இருக்காதுல்ல?" இதுக்குப் பதில் தேட 1999-ஆம் வருஷத்துக்குப் போகலாம். அந்த ஒரே வருஷத்துல, ரெண்டு மாச இடைவெளியில, ரெண்டு நாட்டுத் தலைவர்களோட பதவியும் ஓட்டெடுப்புக்கு வந்துச்சு.

முதல்ல வாஷிங்டன். 1998 டிசம்பர்ல பில் கிளிண்டன் மேல பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்துச்சு. சத்தியப்பிரமாணம் செஞ்சுட்டுப் பொய் சொன்னார், நீதி விசாரணைக்குத் தடை போட்டார்னு ரெண்டு குற்றச்சாட்டு. விசாரணை செனட்ல நடந்துச்சு. 1999 பிப்ரவரி 12 அன்னைக்கு ஓட்டெடுப்பு. ஒரு குற்றச்சாட்டுக்கு 45 பேர் 'குற்றவாளி'ன்னாங்க. இன்னொண்ணுக்கு 50-க்கு 50. ஆனா பதவியை விட்டு இறக்க மூணுல ரெண்டு பங்கு, அதாவது 67 ஓட்டு வேணும். பாதி செனட் எதிரா நின்னும் கிளிண்டன் போகல. 2001 ஜனவரி வரைக்கும் முழுப் பதவிக்காலமும் இருந்தார்.

இப்போ டெல்லி. வாஜ்பாயோட கூட்டணி அரசுக்கு 18 எம்.பி.க்கள் வச்சிருந்த அ.தி.மு.க., ஏப்ரல்ல ஆதரவை வாபஸ் வாங்குச்சு. குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன், மக்களவையில நம்பிக்கை ஓட்டு வாங்கச் சொன்னார். ஏப்ரல் 17 அன்னைக்கு அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டு! அப்பவே ஒடிசா முதலமைச்சர் ஆகிட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை இன்னும் விடாததால வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ், கட்சி முடிவை மீறி எதிர்த்தார். இங்க தமிழ்நாட்டுல எதிரும் புதிருமா இருந்த தி.மு.க., அன்னைக்கு வாஜ்பாய் பக்கம் நின்னுச்சு.

கவனிங்க. வாஜ்பாய் மேல எந்தக் குற்றத்தையும் யாரும் நிரூபிக்கல. நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாடாளுமன்ற முறை கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "சபையில உங்களுக்குப் பெரும்பான்மை இருக்கா?" அதிபர் முறை கேட்கிற கேள்வி வேற: "பதவியைப் பறிக்கிற அளவுக்குத் தப்பு பண்ணீங்களா?" முதல் கேள்விக்கு ஒரு ஓட்டு போதும். ரெண்டாவதுக்கு மலையைப் புரட்டணும்.

"அப்போ அமெரிக்க முறைதானே நிலையானது?" அப்படின்னு தோணும். ஆனா 1995-க்குப் போங்க. அதிபர் ஒரு கட்சி, நாடாளுமன்றத்தோட ரெண்டு சபையிலயும் பெரும்பான்மை இன்னொரு கட்சி. பட்ஜெட்ல ஒத்துப்போகல. 1995 டிசம்பர் 16-லேர்ந்து 1996 ஜனவரி 6 வரைக்கும் 21 நாள் அரசாங்கத்துல ஒரு பகுதியே முடங்கிப்போச்சு. தேசியப் பூங்காக்களை மூடினாங்க, பல லட்சம் ஊழியர்கள் தவிச்சாங்க. அதிபரையும் மாத்த முடியாது, சபையையும் கலைக்க முடியாது. இந்தியாவுல பட்ஜெட் மக்களவையில தோத்தா அரசு ராஜினாமா பண்ணணும். நம்ம வேலையில பேசுற மாதிரி சொன்னா, இந்திய முறை சிக்கல் வந்தா ரீஸ்டார்ட் ஆகும். அமெரிக்க முறை ஹேங் ஆகி நிக்கும்.

ரீஸ்டார்ட்டுக்கும் விலை இருக்கு. எதிர்க்கட்சிகளால மாற்று அரசு அமைக்க முடியல. ஏப்ரல் 26 அன்னைக்கு மக்களவை கலைஞ்சது. அடுத்த மாசமே கார்கில்ல சண்டை. போரை நடத்தினது நம்பிக்கை ஓட்டுல தோத்த ஒரு காபந்து அரசு. 'ஊடுருவல் எப்படித் தெரியாமப் போச்சு'ன்னு அரசைக் கேட்க வேண்டிய மக்களவை அப்போ இல்லவே இல்லை. செப்டம்பர், அக்டோபர்ல தேர்தல் நடந்து, அதே வாஜ்பாய் மறுபடி பிரதமர் ஆனார்.

அதனால என் பதில் இதுதான். முறையை மாத்தினா பேரம் ஒழியாது, இடம்தான் மாறும். இங்க பேரம் ஆட்சியைக் காப்பாத்த நடக்குது. அங்க ஒவ்வொரு மசோதாவையும் பட்ஜெட்டையும் நிறைவேத்த நடக்குது. பிடிக்காத தலைவரை நடுவுல இறக்கிற வசதி வேணும்னா, நல்லவரும் ஒரு ஓட்டுல போகலாம்னு ஏத்துக்கணும். அஞ்சு வருஷம் அசையாத தலைவர் வேணும்னா, மோசமானவரும் அசையமாட்டார்னு ஏத்துக்கணும்.

எனக்கு எது வேணும்? ஒரு ஓட்டுக்குப் பயப்படுற பிரதமரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நீங்க? யோசிச்சுட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.